அச்சும் மரையும்

காரமடையில் மாசி மகத் தேர் நிலைக்கு வந்து இரண்டு நாட்கள் ஆகியிருந்தன. தேர் வீதியில் முட்டுக்கட்டைகள் சில இன்னும் ஓரமாகக் கிடந்தன. தங்கை மகன் ஒரு மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். தோளில் தூக்கினால் ஒரு பையின் கனம்கூட இல்லாத கார்பன் சட்டம். ஆறு மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து இணையத்தில் வாங்கியது. பெரிய பெயர்களின் விலையில் கால்வாசி கூட இல்லை என்று பெருமையாகச் சொல்லியிருந்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரி ஏறிவிட்டு இறங்கியிருக்கிறான். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி முப்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஏற்றமோ 1,400 மீட்டருக்கும் மேல். ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. இறங்கும்போது, குஞ்சப்பனைக்குக் கொஞ்சம் மேலே, பின்சக்கர டிஸ்க் பிரேக் கரகரவென்று உரசத் தொடங்கியது. அடுத்த வளைவில் பின்பக்கம் ஒருமுறை அலைந்தது. நிறுத்தி இறங்கிப் பார்த்தால், சக்கரத்தைத் தாங்கும் அச்சு இரண்டு சுற்றுக் கழன்று நின்றிருக்கிறது. கிளம்பும் முன் முழு பலத்தோடு இறுக்கியதாகச் சத்தியம் செய்தான். பொய் சொல்பவன் அல்ல.

"மாமா, உங்களுக்குத் தெரிஞ்ச லேத்துப் பட்டறை இருக்குமே, அங்கே காட்டலாமா?" என்றான். போனோம். அன்று அந்தப் பட்டறையில் கண்டதும் பின்னர் தேடிப் படித்ததும் சேர்ந்ததுதான் இக்கட்டுரை. மிதிவண்டி நிபுணர் எவரும் இதைப் படிக்க நேர்ந்தால் என் தமிழ்ச் சொற்களைப் பொறுத்தருள வேண்டும். 'த்ரூ ஆக்ஸில்' என்று அவர்கள் சொல்வதை நான் ஊடச்சு என்று சொல்லப் போகிறேன். சட்டத்தின் ஒரு பக்கத்தில் நுழைந்து, சக்கரத்தின் குடத்தை ஊடுருவி, மறுபக்கத்துச் சட்டத்தில் மரையிட்டு முடிவதால் அப்பெயர் பொருந்தும் என்றே தோன்றுகிறது.

*

அச்சு நமக்குப் புதிய கவலை அல்ல. புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார், அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடுகையில் உப்பு வணிகரின் வண்டி ஒன்றைக் காட்டுகிறார். இளம் எருதுகள், நிறைந்த பாரம், முன்னே பள்ளம் வருமோ மேடு வருமோ என்று தெரியாத பாதை. ஆகவே வண்டியின் அடிமரத்தில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். அந்த மாற்று அச்சைப் போன்றவன் நீ என்பது எழினிக்குக் கிடைத்த பாராட்டு. தகடூர் கொங்கின் வடக்கு எல்லையை ஒட்டியது. உப்பு வண்டிகள் மலைப்பாதை ஏறி இறங்கிய நிலம். வள்ளுவரும் 667ஆம் குறளில் பெருந்தேரின் ஆணியைத்தான் உவமைக்கு எடுக்கிறார். இந்த உவமைகளை அலங்காரம் என்று கடந்துபோவது நம் வழக்கம். அச்சு முறிந்து வழியில் நின்றவர்களுக்கு நடுவே வாழ்ந்த கவிஞர்கள் என்று படித்தால் பாடல் வேறு மாதிரி ஒலிக்கிறது.

வண்டியின் கடையாணியில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அது எதையும் இறுக்குவதில்லை. அச்சின் முனையில் ஒரு துளை, துளையில் ஓர் ஆணி. சக்கரத்தின் குடம் அச்சின்மேல் கொஞ்சம் உள்ளும் வெளியும் அசைந்தபடிதான் ஓடும். வெளியே வந்துவிடாமல் ஆணி தடுக்கும், அவ்வளவே. வைக்கோல் கரியும் விளக்கெண்ணெயும் குழைத்த வண்டி மையைப் பூச இடைவெளி வேண்டும். அந்த இடைவெளி எவ்வளவு என்பது ஆசாரியின் கைக்குத் தெரியும். குடத்தைக் கடைந்தவரும் அச்சைச் செதுக்கியவரும் ஆணியைப் பொருத்தியவரும் ஒரே ஊர். பெரும்பாலும் ஒரே குடும்பம். மரவேலையும் கொல்லுவேலையும் அடுத்தடுத்த கூரைகளில் நடந்தன. இரும்பு இந்த மண்ணுக்குப் புதிதல்ல. நொய்யற்கரைக் கொடுமணலில் இரும்பும் எஃகும் உருக்கிய உலைகளை அகழ்ந்தெடுத்திருக்கிறார்கள். 1899இல் குன்னூருக்கு மலை ரயில் வரும்வரை மேட்டுப்பாளையத்துக்கு மேல் ஏறிய சரக்கின் பெரும்பகுதியைச் சுமந்தவை மாட்டு வண்டிகள். காரமடை வழியாகத்தான் அவை போயிருக்க வேண்டும். ஒரு சக்கரம் பொருந்தவில்லை என்றால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது என்பது வண்டிக்காரருக்குத் தெரியும்.

தேர் மட்டும் விதிவிலக்கு. அதன் எடைக்கு ஊர் ஆசாரியின் மர அச்சு போதாமல் போன இடங்களில் பெருந்தொழிற்சாலை உள்ளே வந்தது. திருவாரூர் ஆழித்தேருக்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் அமைத்துக் கொடுத்தது திருச்சி பெல் நிறுவனம். முட்டுக்கட்டை அங்கும் கைவிடப்படவில்லை என்பது எனக்குப் பிடித்த செய்தி.

*

மிதிவண்டி வந்தபோது அச்சின் இயல்பே மாறிவிட்டது. நம் தாத்தாக்கள் ஓட்டிய வண்டியில், சட்டத்தின் காலில் ஒரு பிளவு; பிளவில் அச்சு உட்காரும்; இருபுறமும் நட்டுப் போட்டு ஸ்பேனரால் இறுக்குவார்கள். சக்கரம் நிற்பது முழுக்க முழுக்க அந்த இறுக்கத்தால். கடையாணி தடுத்தது, நட்டுப் பிடித்தது. 1949இல் தொடங்கப்பட்ட டிஐ சைக்கிள்ஸ் அம்பத்தூரில் இருந்து அனுப்பிய லட்சக்கணக்கான வண்டிகளும் இப்படித்தான் ஓடின. சைக்கிள் கடைக்காரர் கோட்டம் எடுத்து, கோன் சரிபார்த்து, கடைசியாக ஸ்பேனரை ஒரு உதை உதைத்தால் வேலை முடிந்தது. ஃபோர்க் சற்று வளைந்திருந்தால் முழங்காலில் வைத்து நெம்பி நிமிர்த்துவார். இரும்பு அதற்கு இடம் கொடுத்தது. இரும்பின் அந்தத் தாராளத்தை நாம் மெக்கானிக்கின் திறமை என்று எண்ணிப் பழகிவிட்டோம்.

நட்டுக்கு அடுத்து வந்தது நெம்புகோல். இத்தாலியின் துல்லியோ கம்பன்யோலோ பற்றிய கதை மிதிவண்டி உலகில் தலபுராணம் போன்றது. 1927 நவம்பரில் குரோசே தாவுனே கணவாயில் ஒரு பந்தயம். அக்காலத்தில் கியர் மாற்ற வேண்டுமானால் பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்ட வேண்டும். பனியில் விரல் விறைத்துப் பட்டாம்பூச்சி நட்டைத் திருக முடியாமல் அவர் தோற்றார். பின்னால் ஏதோ மாற்றியாக வேண்டும் என்று முணுமுணுத்தார். அதிலிருந்து பிறந்தது குயிக் ரிலீஸ். கதையின் நுணுக்கங்களை ஐயுறும் வரலாற்றாளர்கள் இருக்கிறார்கள். கதை எப்படியோ, ஒரு நெம்புகோலைப் புரட்டினால் சக்கரம் கையோடு வந்துவிடும் ஏற்பாடு அடுத்த எழுபது எண்பது ஆண்டுகளுக்கு உலகை ஆண்டது. வெறும் 5 மில்லிமீட்டர்க் கம்பி ஒன்று, உள்ளே குடைந்த அச்சின் ஊடாகப் போய் இருபுறமும் நெரித்துப் பிடிக்கும்.

இந்த ஏற்பாட்டைக் கவிழ்த்தது பிரேக். ரிம்மைப் பிடித்து நிறுத்திய காலத்தில் சிக்கல் இல்லை. டிஸ்க் பிரேக் ஃபோர்க்கின் காலுக்குப் பின்புறம் அமர்ந்திருக்கிறது. அழுத்தும்போது அது வட்டைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. ஃபோர்க்கின் பிளவோ கீழ்நோக்கித் திறந்திருக்கிறது. அதாவது, நிறுத்த முயலும் விசையே சக்கரத்தை வெளியே தள்ளும் விசையாகிறது. 2003இல் ஜேம்ஸ் அன்னான் என்னும் பிரிட்டிஷ் அறிவியலாளர் இதைக் கணக்கிட்டு வெளியிட்டார். பலரும் அப்போது முகம் சுளித்தார்கள். வேறொரு கோளாறு பின்னால் பெரிதாக வெடித்தது. திறந்து தொங்கும் நெம்புகோல் டிஸ்க்கில் சிக்கக்கூடும் என்று கண்டு, 2015இல் டிரெக் நிறுவனம் வட அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ பத்து லட்சம் மிதிவண்டிகளைச் சரிசெய்யத் திரும்ப அழைத்தது.

ஊடச்சு இந்தப் பின்னணியில் பரவியது. மலைச்சரிவில் பாயும் வண்டிகளில் 20 மில்லிமீட்டராகத் தொடங்கி, 15 ஆகி, இப்போது சாலைப் பந்தய வண்டிகளில் 12 மில்லிமீட்டராக நிலைத்திருக்கிறது. பந்தயங்களில் டிஸ்க் பிரேக்குக்கு 2018இல் முழு அனுமதி கிடைத்தபின் சாலை வண்டிகளும் ஏறக்குறைய முழுதாக இதற்கு மாறின. பிளவு மூடிய துளையாகிவிட்டது. அச்சு உள்ளே இருக்கும்வரை சக்கரம் வெளியே வராது. ஒருவகையில் கடையாணியின் தத்துவம் திரும்பி வந்திருக்கிறது. ராஜ்தூத்தும் புல்லட்டும் பழுது பார்த்த நம்மூர் மெக்கானிக்கிடம் இதைச் சொன்னால் சிரிப்பார். மோட்டார் சைக்கிளில் அச்சு எப்போதும் ஊடேதான் போய்க்கொண்டிருந்தது.

ஆனால் கடையாணிக்குத் தேவைப்படாத ஒன்று இதற்குத் தேவை. சட்டத்தின் இரு கால்களும் குடமும் அச்சும் ஒரே உடல்போல் நெருங்கி நிற்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வோர் அதிர்விலும் மயிரிழை அசைந்து, மரை தேய்ந்து, அச்சு தானே திருகி வெளியேறும். அதிகம் இறுக்கினாலும் ஆபத்து. கார்பன் சட்டத்தில் மரை கார்பனில் வெட்டப்படுவதில்லை. அலுமினியத் துண்டு ஒன்றைப் பசையால் ஒட்டி அதில் வெட்டுகிறார்கள். அலுமினியமும் கார்பனும் வியர்வை ஈரத்தில் நேராகத் தொட்டுக்கொண்டால் அலுமினியம் அரிக்கும் என்பதால் நடுவே கண்ணாடி இழை வைப்பது நல்ல தயாரிப்பாளரின் வழக்கம். பலமாகத் திருகினால் மரை உருவிக்கொள்ளலாம். அல்லது துண்டே பசை விட்டு வரலாம்.

எனவே எவ்வளவு இறுக்குவது என்பதற்கு எண் வந்தது. பெரும்பாலும் 10 முதல் 15 நியூட்டன் மீட்டர் வரை. ஒரு சாண் நீளமுள்ள சாவியின் நுனியில் ஐந்து கிலோ எடையைத் தொங்கவிட்டால் வரும் முறுக்கம், கிட்டத்தட்ட பத்து.

*

பட்டறைக்கு வருகிறேன். லேத்துக்காரருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். 1932இல் பைக்காரா மின்சாரம் வந்தபின் கோவையைச் சுற்றி முளைத்த பட்டறை மரபில் வந்தவர். மில்லுக்கு ஸ்பேர், பம்புக்கு ஷாஃப்ட் என்று ஆயுள் முழுவதும் ஒன்றை இன்னொன்றுக்குப் பொருத்துவதையே செய்தவர். அளவை இன்றும் நூல் கணக்கில்தான் சொல்வார். அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல்.

முதலில் அச்சை உருவி, பிட்ச் கேஜை வைத்து மரையைப் பார்த்தார். 12 மில்லிமீட்டர் ஊடச்சில் மட்டும் மூன்று விதமான மரைகள் புழக்கத்தில் இருக்கின்றன: ஒரு சுற்றுக்கு 1 மில்லிமீட்டர் முன்னேறுவது, 1.5 முன்னேறுவது, 1.75 முன்னேறுவது. கண்ணுக்கு மூன்றும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒன்றின் அச்சை இன்னொன்றின் துளையில் திருகினால் ஓரிரு சுற்று உள்ளே போய், பிறகு இறுகிவிடும். வேலை முடிந்தது என்று கை நம்பிவிடும். இங்கே மரை சரியாகத்தான் இருந்தது.

அடுத்து வெர்னியரால் நீளம் பார்த்தார். அங்கே பிடிபட்டது. சட்டத்தோடு வந்த அச்சு இந்தச் சட்டத்துக்கு உரியதல்ல. இரண்டு மில்லிமீட்டர் அதிகம். அச்சின் தலை சட்டத்தைத் தொடும் முன்பே மறுமுனையில் மரை தீர்ந்து, மரையில்லாத தண்டு துளையின் வாயில் முட்டி நின்றது. மருமகன் கொடுத்த பலம் முழுவதும் அந்த முட்டலுக்குப் போனது. சக்கரத்துக்கு ஒன்றும் வரவில்லை. அவன் சத்தியம் உண்மைதான். அவன் கைதான் ஏமாற்றப்பட்டிருந்தது.

"வாசர் ஒன்று கடைந்து போட்டுவிடலாமா?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல், மார்க்கிங் மையை அச்சின்மேல் மெல்லியதாகத் தடவி உள்ளே செலுத்தி ஒரு சுற்றுச் சுற்றி உருவினார். மை ஒரு பக்கம் மட்டும் அழிந்திருந்தது. இரு துளைகளும் ஒரே நேர்க்கோட்டில் இல்லை. கால் நூலுக்கும் குறைவான பிசகுதான். ஆனால் அச்சு வளைந்துகொண்டுதான் உள்ளே போகிறது.

"ஆணி ஒரு ஊர்ல செஞ்சது, ஓட்டை ஒரு ஊர்ல செஞ்சதாட்ட இருக்குதுங்க தம்பி," என்றார்.

நெம்பி நிமிர்த்த முடியாதா என்று மருமகன் கேட்டான்.

"இரும்பா இருந்தா நிமித்திருவனுங்க கண்ணு. இது துணியும் பசையுமல்லங்க. நெம்புனா உள்ள என்ன விட்டுப்போச்சுன்னு வெளிய தெரியாதுங்க."

நூற்பாலைகளின் நிலத்தில் ஒரு பட்டறைக்காரர் கார்பனைத் துணி என்று சொன்னது தற்செயல் அல்ல. அது இழைத் துணிதான். எபாக்சியில் ஊறி அச்சில் வெந்த துணி. 1986இல் கிரெக் லெமாண்ட் டூர் டி பிரான்ஸ் வென்றபோது ஓட்டிய வண்டிகளில் லுக் நிறுவனத்தின் கார்பன் சட்டமும் இருந்தது. அப்போது அது அபூர்வம். இன்று சியாமெனிலும் ஷென்செனிலும் எவர் பெயரும் இல்லாத அச்சுகளில் வார்த்து, எவர் பெயரை வேண்டுமானாலும் ஒட்டி விற்கிறார்கள். அவற்றில் நல்லவையும் உண்டு என்பதை மறுக்க மாட்டேன். வார்ப்பு முடிந்தபின் இரு துளைகளையும் ஒரே பிடிப்பில் வைத்துக் கடைவது, அதை அளந்து பார்ப்பது, உரிய நீளத்து அச்சைப் பெட்டியில் போடுவது ஆகிய வேலைகள் கண்ணுக்குத் தெரியாதவை. விலையைக் குறைக்க வேண்டும் என்றால் முதலில் கழிவது அவைதான்.

லேத்துக்காரர் சொன்ன 'ஒரு ஊர்' என்னும் சொல்லில்தான் இந்த வரலாறு முழுவதும் அடங்கியிருப்பதாக எனக்குப் படுகிறது. ஆணியும் ஓட்டையும் ஒரே ஊரில் செய்யப்பட்ட காலத்தில் பொருத்தத்துக்கு ஆசாரி பொறுப்பு. அவை வெவ்வேறு ஊர்களில் செய்யப்படத் தொடங்கியபோது பொதுவிதி தேவைப்பட்டது. அதுவரை இங்கிலாந்தின் பட்டறைகளும் ஆளுக்கொரு மரை வெட்டிக்கொண்டிருந்தன. 1841இல் ஜோசப் விட்வொர்த் ஒரே கோணம், ஒரே இடைவெளி என்று முன்வைத்த மரை மெல்ல மெல்ல எல்லோருக்கும் பொதுவானது. காணாத ஊரின் ஆணி காணாத ஊரின் துளையில் பொருந்தியது. நம் நாடு 1956இல் மெட்ரிக் சட்டம் இயற்றியபின்னும் கோவைப் பட்டறைகள் விட்வொர்த், மெட்ரிக் இரண்டின் டாப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு சமாளித்தன. மிதிவண்டிக்காரர்கள் மட்டும் இந்தப் பாடத்தை அடிக்கடி மறப்பவர்கள். பெடல் அச்சு உட்காரும் இடத்துக்கே இங்கிலாந்துக்கு ஒரு மரை, பிரான்சுக்கு ஒரு மரை, இத்தாலிக்கு ஒரு மரை என்று அரை நூற்றாண்டு ஓட்டியவர்கள் அல்லவா? ஊடச்சிலும் அதையே செய்தார்கள். 2019இல் ஸ்ராம் நிறுவனம் பின்பக்கத்துக்கு ஒரு பொது ஏற்பாட்டை அறிமுகப்படுத்தியது. பல நிறுவனங்கள் அதற்கு மாறின.

மருமகன் வாங்கிய சட்டத்துக்குப் பின்னே ஊர் ஆசாரியும் இல்லை, மதிக்கப்பட்ட பொதுவிதியும் இல்லை. இரண்டும் இல்லாத இடத்தில் எல்லாப் பொறுப்பும் ஓட்டுபவனின் மணிக்கட்டில் வந்து விழுகிறது. சரியாக இறுக்கவில்லையா என்றுதான் அவனை எல்லோரும் கேட்டார்கள், நான் உட்பட. அந்தக் கேள்வியைக் கேட்டதற்கு இப்போதும் கூச்சமாக இருக்கிறது. விற்றவருக்கு எழுதினான், புதிய அச்சு அனுப்புவதாகப் பதில் வந்தது. துளைகளைப் பற்றி எழுதிய இரண்டாம் கடிதத்துக்குப் பதில் இல்லை. சட்டம் இப்போது வீட்டு மாடியில் சுவரில் தொங்குகிறது. தங்கைக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் குஞ்சப்பனை வளைவு நினைவுக்கு வருகிறது. எடைக்குப் போடச் சொல்கிறாள். கார்பனை எடைக்கும் எடுக்க மாட்டார்கள் என்று அவளுக்கு யார் சொல்வது?

அடுத்த சட்டம் வாங்கும் முன் அவன் வாங்கியது ஒரு டார்க் ஸ்பேனர். முள் நகர்ந்து எண் காட்டும் வகை. அதை லேத்துக்காரரிடம் காட்டப் போனான், நானும் போனேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். முள்ளை அவன் கையால் மறைத்துக்கொள்ள, வைஸில் இருந்த ஒரு போல்ட்டைத் தம் கைக்கணக்கில் இறுக்கினார். போதும் என்று நிறுத்திய இடத்தில் பார்த்தோம். பன்னிரண்டு. அவன் கைதட்டினான். கிழவருக்கும் முகம் மலர்ந்தது. கழற்றிவிட்டு இன்னொரு முறை இறுக்கினார், அதே நிதானத்தோடு. பதினேழு.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, முள்ளை மறுபடியும் குனிந்து பார்த்தார். "இதைய ரெண்டு நாள் இங்க வெச்சுட்டுப் போறயா கண்ணு?" என்றார்.